வலை அசைந்த வேனல்

அப்பாவின் ஆண்டு நினைவுக்கு வந்து, பந்திக்கு முன் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களே, அக்கம்பக்கத்தாரே, களியக்காவிளைச் சந்தையில் ஒருநாள் கடையடைத்து வந்திருக்கும் அண்ணன்மாரே, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பக்கங்களில் வேறொரு கட்டுரை இருந்தது. அச்சகத்தில் பக்கம் அமைத்து, பிழை பார்க்க என் கையில் தந்தும் விட்டார்கள். மூன்று வாரத்துக்கு முன்பு நான் போய் அதைத் திரும்ப வாங்கி வந்துவிட்டேன்.

தெரிந்து எழுதிய பொய் எதுவும் அதில் இல்லை. நீங்களும் நானும் ஐம்பது வருடத்துக்கு மேலாக நம்பி வந்ததைத்தான் எழுதியிருந்தேன். அதனால்தான் இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது. இதற்குள் ஆறியிருக்க வேண்டும். ஆறவில்லை.

அப்பா பிறந்தது உதியன்குளங்கரைக்கு மேற்கே, செங்கல் சூளைப் பக்கம். எட்டு வயதில் தகப்பனாரை இழந்தார்கள். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்பு வரை. அங்கே ஒரு வாலிபால் வலை கட்டியிருந்தது. சூளையில் பச்சைக்கல் அடுக்கிவிட்டு, முழங்கால் வரை சேறோடு போய் அந்த வலையடியில் நிற்பார்களாம். உயரம் குறைவு, உடம்பும் ஒல்லி. ஆனால் விரல்கள் நீளம். பந்து அந்த விரல்களில் வந்து உட்காரும், எழும், போகும். சத்தமே கேட்காது என்று பார்த்தவர்கள் சொல்வார்கள். நான் பார்த்ததெல்லாம் அதே விரல்கள் வாழைக்குலையின் காம்பைப் பிடித்துத் தூக்குவதைத்தான்.

அப்பாவுக்கு இருபது வயதிருக்கும்போது நெய்யாற்றின்கரையில் ஒரு நெசவுசாலை முதலாளி பந்து அணி ஒன்றை உண்டாக்கினார். ஆறு பேர். மாதச் சம்பளம். காலையில் இரண்டு முட்டை, மதியம் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும். மாசியில் கும்பப்பூ அறுப்பு முடிந்து வயல் காய்ந்ததிலிருந்து வைகாசி நடுவில் இடவப்பாதி மழை இறங்கும்வரை, ஊர் ஊராகப் போய்ப் பந்தடிப்பது மட்டும்தான் வேலை. பந்தடிக்கக் கூலியா என்று சூளையில் எல்லோரும் சிரித்தார்களாம். பாட்டிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. முதல் சம்பளத்தில் அரிசி வந்ததும் அவர்களும் சிரித்தார்கள்.

அணியில் பந்தைத் தூக்கிக் கொடுப்பவர் அப்பா. எழும்பி அடிப்பவர் காரோட்டைச் சேர்ந்த நேசையன் மாமா. உறவில் மாமா இல்லை. அப்பாவுக்கு அவர் அதற்கும் மேலே. இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். "எலே, பந்தைக் கொஞ்சம் பொக்கிப் போடுல, இதை எடுக்க நான் பாதாளத்துக்கா எறங்கணும்?" என்று மாமா கத்துவாராம். "நீ மானத்துல நின்னு அடிக்கியதுக்கு நான் ஏணி சுமந்துட்டு வரணுமோ?" என்று அப்பா கேட்பார்களாம். பொக்குவது என்றால் எங்கள் பக்கம் தூக்குவது. இந்தச் சொல் இனியும் வரும்.

அது சாதாரண வேனல் இல்லை. மார்த்தாண்டத்தில் துப்பாக்கி வெடித்து ஆட்கள் விழுந்ததற்கு அடுத்த வேனல். தமிழ் பேசும் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஊரெல்லாம் கொதித்துக்கொண்டிருந்தது. கூட்டம் கூடினால் போலீஸ் வரும். பந்து பார்க்கக் கூடினால் வராது. ஆகவே எல்லோரும் பந்து பார்க்கக் கூடினார்கள். ஓலை மறைப்புக்குள் டிக்கெட் எடுத்து வந்து ஒருபக்கம் தமிழில் கோஷம், மறுபக்கம் மலையாளத்தில் கோஷம். புள்ளி சொல்லவும் இரண்டு பேர், இரண்டு பாஷையில். ஒருவர் முந்திவிட்டால் மற்றவருடைய ஆட்கள் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டுவார்கள்.

முதலாளியோ அந்தத் தாலுகாக்கள் திருவனந்தபுரத்தோடுதான் இருக்க வேண்டும் என்ற கட்சி. அவருடைய பனியனைப் போட்டு நின்ற ஆறு பேரில் நான்கு பேர் தமிழ் வீட்டுப் பிள்ளைகள். குழித்துறை ஆற்றுக்கு அந்தப்புறம் ஒரு களத்தில் ஒருவர் கேட்டாராம்:

"எலே வெள்ளைப் பனியன், முதலாளிக்கச் சோத்தைத் தின்னுட்டு தமிழனுக்க மேல பந்தடிக்கியா? நீ எந்தப் பக்கம்ல?"

"வலைக்கு இந்தப் பக்கம் அண்ணே. அடுத்த ஆட்டத்துல அந்தப் பக்கம் மாறுவேன். அப்பம் வந்து கேளும்."

கேட்டவரே சிரித்துவிட்டாராம். அப்பாவின் அரசியல் எனக்குத் தெரிந்து அவ்வளவுதான். அந்த வேனலில் கடைசிப் பந்தயம்வரை அந்த அணி ஒன்றில்கூடத் தோற்கவில்லை. மூன்று மாதம் ஊர் வாயில் வேறு பேச்சே இல்லை. எல்லை, அது விட்டால் பந்து.

கடைசிப் பந்தயம் பாறசாலைக்குத் தெற்கே ஒரு வயலில். எதிரே குழித்துறைப் பக்கத்து அணி, முழுத் தமிழ் அணி. மழை மேகம் கூடிய மாலை. ஜெயித்தால் அப்பாவுக்கும் நேசையன் மாமாவுக்கும் நெசவுசாலையில் நிரந்தர வேலை என்று முதலாளி நாலு பேர் முன்னால் சொல்லியிருந்தார்.

வலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். காரோட்டுக் கடற்கரையில் மீன்வலை முடைகிறவர்கள் முடைந்து தந்தது. இரண்டு பக்கமும் கமுகு மரக் கம்பம். கமுகு வளையும், வலை தொய்யும். ஒரு முனையில் விரல் பட்டால் மறுமுனை வரை துடிக்கும். வெயில் சாயும் நேரத்தில் ஏணிமேல் இருக்கும் நடுவருக்கு யார் தொட்டார் என்று தெரியாது. அதனால் எங்கள் பக்கத்துக் களங்களில் ஒரு முறை உண்டு. வலையைத் தொட்டவன் தானே கை தூக்க வேண்டும். நடுவர் பார்த்தாலும் சரி, பார்க்காவிட்டாலும் சரி. தூக்காமல் வாங்கிய புள்ளிக்குக் 'கள்ளப் புள்ளி' என்று பெயர். அதை வாங்கியவனோடு மறுவருடம் யாரும் களத்தில் இறங்கமாட்டார்கள்.

மூன்றாவது ஆட்டம். முடிவு சொல்லும் ஆட்டம். பதினைந்துக்கு அப்பாவின் அணி பதினான்கு, எதிரணி பதின்மூன்று. ஒரு புள்ளி போதும். அப்பா தூக்கிக் கொடுத்தார்கள், நேசையன் மாமா எழும்பி அடித்தார். பந்து எதிர்க் கோட்டுக்குள் விழுந்து புழுதி எழுந்தது. விசில். முதலாளியின் ஆட்கள் களத்துக்குள் ஓடி வந்தார்கள். கப்பு கைக்கு வந்துவிட்டது.

அப்பா வலதுகையை உயர்த்திக்கொண்டு நின்றார்கள்.

விசில் திரும்ப ஊதியது. அந்தப் புள்ளி போனது, பந்து போடும் முறையும் எதிரணிக்குப் போனது. எதிரணி தொடர்ந்து மூன்று புள்ளி எடுத்தது. ஆட்டம் போனது.

மறுநாள் முதலாளி நெசவுசாலை வாசலில் நின்று, "இனி ஈ படி சவிட்டருது" என்றார். இனி இந்தப் படி மிதிக்காதே. முதலாளியின் கட்சிக்காரர்கள் அப்பாவைத் துரோகி என்றார்கள். தமிழ்ப் பக்கத்தார் அதைவிட மோசம். மாலை கொண்டு வந்தார்கள். தமிழுக்காகக் கப்பையே விட்டுக்கொடுத்த தம்பி என்று. அப்பா மாலையை வாங்கவில்லை. இரண்டு கூட்டத்துக்கும் ஒரே பதில்தான் சொன்னார்கள்: "வலை தட்டிச்சு. கை பொக்கினேன்." அன்று முதல் அப்பாவின் பெயர் 'கைபொக்கி'. எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் 'கைபொக்கிக்க பிள்ளைகள்'. மெச்சிக் கூப்பிட்டவர்களும் உண்டு, பழித்துக் கூப்பிட்டவர்களும் உண்டு. குரலை வைத்துத்தான் நாங்கள் கண்டுபிடிப்போம்.

பிறகு எல்லை வந்தது. வீடு இந்தப் பக்கம் நின்றது, சந்தை தமிழ்நாட்டோடு போனது. அப்பா நாற்பது வருடம் தினமும் எல்லை தாண்டிப் போய்க் களியக்காவிளையில் குலை சுமந்தார்கள். பிறகு சொந்தமாக ஒரு வாழைக்குலைக் கடை. அம்மாவை நோயில் பார்த்தார்கள், என்னையும் தம்பியையும் படிக்க வைத்தார்கள். எடையில் ஒரு காய் குறைய விட்டதில்லை. பந்தை மட்டும் பிறகு தொடவில்லை. பக்கத்துப் பிள்ளைகளின் பந்து முற்றத்தில் உருண்டு வந்தால் காலால் தள்ளி விடுவார்கள், கையால் எடுக்கமாட்டார்கள்.

நேசையன் மாமாவை முதலாளி வேலையில் வைத்துக்கொண்டார். அவர் அப்பாவோடு அதன்பின் பேசவே இல்லை. சந்தையில் எதிரே வந்தால் பக்கத்து இடைவழியில் திரும்பிவிடுவார். தன்னால் கப்பு போன கோபம் என்று அப்பா நினைத்தார்கள். ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் சந்தையில் இருப்பதிலேயே நல்ல செந்துளுவன் குலை ஒன்றை ஆள்வசம் காரோட்டுக்குக் கொடுத்தனுப்புவார்கள். "பாவம், அவனுக்கக் கப்பைக் கெடுத்துப் போட்டேன்" என்பார்கள். பதில் ஒன்றும் வராது. அடுத்த வருடமும் குலை போகும்.

இதுவரை உள்ளது பழைய கட்டுரையிலும் இருந்தது. இனி உள்ளது இல்லை.

காரக்கோணத்து ஆஸ்பத்திரியில், கடைசி வாரத்தில் ஒரு காலை. கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்பா கரண்டியைத் தடுத்தார்கள்.

"பிள்ளே, அண்ணைக்கு வலை எனக்குத் தட்டின ஓர்மை எனக்கு இல்ல."

"ஞாபகம் இல்லியா? எந்த வலைப்பா?" என்றேன். எந்த வலை என்று எனக்குத் தெரியும்.

"வலை ஆடினதைக் கண்டேன். எனக்க நெஞ்சுக்கு நேரா ஆடிச்சு. பக்கத்துல இருந்தது எனக்கக் கையாக்கும். அது தன்னால பொங்கிச்சு. ஆனா விரல்ல கயிறு பட்ட ஓர்மை இல்ல. ஒரு நாளும் இருந்ததில்ல."

"அதுக்கு இப்பம் என்னப்பா? கஞ்சி ஆறுது."

"தட்டாத கையைப் பொக்கினேன்னா பின்னே ஏன் பொக்கினேன்? ஊருல சொன்னது சரியாக்குமோ? உள்ளுக்குள்ள அவனுவ ஜெயிக்கட்டும்னு எனக்கு இருந்துதோ? அப்படின்னா நேசையனுக்கக் கப்பைத் தட்டிவிட்டவன் நானாக்கும், தெரிஞ்சே."

நான் என்ன செய்தேன் தெரியுமா? பதறினேன். எழுபத்தாறு வயதில், மூக்கில் குழாயோடு, ஒரு மனிதர் தன் வாழ்க்கை முழுவதையும் தாங்கிய ஒரே தூணைத் தானே அசைத்துப் பார்க்கிறார். "தட்டிச்சுப்பா. எத்தனை மட்டம், எத்தனை தடவை நீங்களே சொல்லியிருக்கிய. தட்டிச்சு" என்று சொல்லிக் கரண்டியை வாயருகே கொண்டுபோனேன். அப்பா தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். கஞ்சி குடித்தார்கள். பிறகு அதைப் பற்றிக் கேட்கவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டார்கள்.

அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. தம்பியிடம்கூட. மலருக்கு எழுத உட்கார்ந்தபோது, "வலையைத் தொட்டார்கள், தொட்டதை உலகறிய ஒப்புக்கொண்டார்கள், அவ்வளவு நேர்மை" என்று எழுதினேன். அந்த வரியில் என் பேனா நிற்கவில்லை. அதை நினைத்தால் இப்போது கூசுகிறது.

பந்து அணியின் புகைப்படம் ஒன்றே ஒன்று உண்டு, அது நேசையன் மாமாவிடம் இருக்கிறது என்று சந்தையில் சொன்னார்கள். மலருக்கு வேண்டுமே என்று காரோட்டுக்குப் போனேன். முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். கண்ணில் பாதி வெளிச்சம்தான். யார் என்று சொன்னதும் எழப் பார்த்தார், முடியவில்லை.

"கைபொக்கிக்க மவளா?"

குரலை வைத்துக் கண்டுபிடிப்பேன் என்றேனே, இந்தக் குரலைக் கண்டுபிடிக்க முடியவில்லை. மெச்சலும் இல்லை, பழியும் இல்லை.

படத்தைத் தரச் சம்மதித்தார். "என்ன எழுதியிருக்கே? வாசி, கேக்கட்டு" என்றார். வாசித்தேன். சூளை, பள்ளிக்கூடம், கிழங்கும் மீன்கறியும். பாதாளம், ஏணி வந்த இடத்தில் சிரித்தார். "வலையைத் தொட்டார்கள்" என்ற இடத்தில் கையை நீட்டி நிறுத்தினார்.

"அது தப்பாக்கும் மக்கா."

"என்ன மாமா தப்பு? புள்ளிக் கணக்கா?"

"வலையில தட்டினது அவன் இல்ல. எனக்கக் கைமுட்டாக்கும்."

வயசான ஆள், எதையோ எதனோடோ சேர்க்கிறார் என்று நினைத்து நான் சிரித்தேன். ஆமாம், சிரித்தேன். அவர் சட்டைக் கையைச் சுருட்டி முழங்கையை என் முன்னால் நீட்டினார். ஒன்றும் இல்லை அங்கே. எண்பது வருடத்துத் தோல் மட்டும்.

"பந்தை அடிச்சிட்டுக் கை கீழ எறங்குதப்பம் கயிறு இங்க உரசிச்சு. தீ பட்ட மாதிரி. எனக்குத் தெரியும். அவன் எனக்க முகத்தைப் பாத்தான். நான் கப்பைப் பாத்தேன்."

கையிலிருந்த தாள்களை மடித்தேன்.

"அப்பம் சொல்லியிருக்கலாமே மாமா?"

"வேலை போவும்."

"அடுத்த நாள்?"

"அடுத்த நாள் அவனை வெளியில தள்ளினாரு. எனக்கு வேலை தந்தாரு."

"அதுக்குப் பின்னே? ஐம்பது வருஷம் உண்டே!" நான் கத்தினேன். உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மருமகள் வாசலுக்கு வந்து நின்றார்.

"குலை வந்துது மக்கா." அவர் தரையைப் பார்த்துத்தான் பேசினார். "முதல் கிறிஸ்மஸுக்கு வந்தப்பம், இவன் எல்லாம் தெரிஞ்சு என்னைக் கேலியாக்குதான்னு நெனச்சேன். ரெண்டாம் வருஷம் வந்துது. மூணாம் வருஷமும் வந்துது. அப்பமாக்கும் எனக்குப் பிடிகிட்டினது. அவன் எனக்கிட்ட மன்னிப்புக் கேக்குதான். அவன், எனக்கிட்ட. அது தெரிஞ்ச பின்னே எனக்கு வாய் தொறக்க முடியல்ல. எனக்கப் பிள்ளைகள் தின்னும். எனக்கு அதுல ஒரு பழம் தொண்டையில எறங்கினதில்ல."

"காரக்கோணம் எவ்வளவு தூரம் மாமா? ஒரு ஆட்டோ. ஒரு வார்த்தை. கடைசியில அவங்க அதைத்தான் கேட்டாங்க..."

"ரெண்டு மட்டம் வந்தேன். ஆஸ்பத்திரிக் கேட்டுவரை வந்தேன்."

படத்தை வாங்காமல் எழுந்து வந்துவிட்டேன். பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, எந்த ஊர் போகிறது என்று தெரியாமல் போனேன். உதியன்குளங்கரையில் இறங்க வேண்டியவள் நெய்யாற்றின்கரையில் இறங்கினேன்.

சொந்தங்களே, இது எனக்குப் பிடிபட ஒரு வாரம் ஆயிற்று. வலை ஆடியது உண்மை. எங்கள் பக்கத்தில் யாரோ தொட்டதும் உண்மை. அப்பாவின் கை பொய்யாக எழவில்லை. எந்தப் பாஷைக்காகவும், எந்தத் தாலுகாவுக்காகவும் எழவில்லை. வலை ஆடினால் கை எழ வேண்டும், எழுந்தது. அப்பா அந்தக் கட்டிலில் கேட்ட கேள்விக்கு இவ்வளவு சின்னப் பதில், இங்கிருந்து இரண்டு பேருந்து தூரத்தில், ஒரு முதியவரின் முழங்கையில் இருந்திருக்கிறது. அது வரவில்லை. நான் கையிலிருந்த பொய்ப் பதிலைக் கஞ்சியோடு ஊட்டினேன். தட்டிச்சு, தட்டிச்சு என்று.

எட்டாம் நாள் காலையில் நேசையன் மாமாவே ஆட்டோ பிடித்து வந்தார். துண்டில் சுற்றி அந்தப் படம். வீட்டுக்குள் வரவில்லை, நடைவாசலில் நின்றே சொன்னார்: "மலர்ல எழுது. பேரும் போடு. ஆண்டு அண்ணைக்கு நான் வாறேன். எல்லாரும் இருக்கப்பம் அவனுக்கப் படத்துக்கு முன்னால கை பொக்குதேன்."

அந்தப் படம்தான் எதிர்ப் பக்கத்தில் இருக்கிறது. முன்வரிசையில் ஓரமாக ஒல்லியாக நிற்பது அப்பா. தோளில் கை போட்டுச் சிரிப்பவர் நேசையன் மாமா. அப்பாவின் தோள்மேல் மடங்கியிருக்கிறதே, அந்த முழங்கை.

இனி நன்றி. காரக்கோணத்தில் அப்பாவைத் தங்கள் தகப்பனைப்போலத் திருப்பிப் படுக்க வைத்த செவிலியர் பெண்களுக்கு. அப்பாவின் உடலை வீட்டிலிருந்து சுடுகாடுவரை தோள் மாற்றாமல் சுமந்த சந்தைத் தொழிலாளர்களுக்கு. குலை சுமந்தவரை நாங்கள்தான் சுமப்போம் என்று நீங்களே கேட்டு வாங்கிக்கொண்டீர்கள். பதினாறாம் நாள் அடியந்திரச் சடங்குவரை எங்கள் அடுப்பு எரிய வேண்டாதபடி சோறு கொண்டுவந்த அண்டை வீட்டாருக்கு. விடுப்புக் கிடைக்காமல் வளைகுடாவிலிருந்து தொலைபேசியிலேயே அழுது தீர்த்த தம்பிக்கு. அமைத்த பக்கத்தைக் கலைத்து, ஏன் என்று கேட்காமல் புதிதாக அமைத்துத் தந்த அச்சகத்தாருக்கு.

நேசையன் மாமாவுக்கு நன்றி சொல்வதா என்று எனக்குத் தெரியவில்லை. கோபம் போகவில்லை. ஆனால் சொல்லாமலே போயிருக்கலாம், சொன்னார். அதற்கு மேல் இன்று என்னிடம் கேட்காதீர்கள்.

இதை நீங்கள் வாசித்துக்கொண்டிருக்கும்போது அவர் வந்திருக்கலாம். வெள்ளைச் சட்டை போட்ட, கண் சரியாகத் தெரியாத ஒரு முதியவர் படத்துக்கு முன்னால் வந்து நின்று வலதுகையைத் தூக்கினால், வழி விடுங்கள். ஒன்றும் கேட்காதீர்கள். கை இறங்கும்வரை யாரும் பந்திக்கு எழ வேண்டாம்.

ஒருவேளை இன்றும் அவர் வாசல்வரை வந்து திரும்பிப் போயிருந்தால், வலை ஆடியது ஆடியதுதான். நம் பக்கத்தில் ஒரு கை எழுந்தாக வேண்டும். நான் எழுந்து நிற்பேன்.